டோரு பள்ளத்தாக்கின் பழங்கொடிச் சிவப்பு ஒயின்: தேர்ந்தெடுத்து, வாங்கி, பத்திரமாக வீடு சேர்ப்பது எப்படி?

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் எந்த ஒயின் கடைக்குப் போனாலும் 'வின்யாஸ் வேல்யாஸ்' என்று லேபிளில் அச்சிட்ட, டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கின் சிவப்பு ஒயின்கள் ஒரு வரிசையே இருக்கும். பழைய கொடிகளின் பழத்தில் செய்தது என்று அதற்கு அர்த்தம். அதே இரண்டு சொற்கள் 15 யூரோ பாட்டிலிலும் இருக்கும், 150 யூரோ பாட்டிலிலும் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அந்தச் சொற்களை மட்டும் நம்பி ஏமாறுகிறார்கள். நல்ல பாட்டிலைக் கண்டுபிடித்தவர்களிலும் பலர் அதை விமானத்தில் உடைத்துவிடுகிறார்கள், அல்லது ஊருக்கு வந்ததும் வெயிலில் கெடுத்துவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி தேர்விலிருந்து கோப்பை வரை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறது. வரலாறு வேண்டுவோர் வேறு இடத்தில் படித்துக்கொள்ளலாம்.

1. எதைத் தேடுகிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

ஒரு கொடி எத்தனை வயதில் 'பழைய கொடி' ஆகிறது? உலகத் திராட்சை, ஒயின் அமைப்பான ஓ.ஐ.வி. 2024இல் எடுத்த தீர்மானத்தின்படி 35 ஆண்டு ஆகியிருந்தால் போதும். டோருவில் இந்த அளவுகோல் மட்டும் உதவாது. 1980களில் இங்கே புல்டோசர் வைத்து மலையை வெட்டி, அகலமான மண்கரைப் படிகள் அமைத்து, ஒரு பாத்திக்கு ஒரே ரகம் என்று ஏராளமாக நட்டார்கள். அந்தக் கொடிகளும் இப்போது 35ஐத் தாண்டிவிட்டன. அவற்றிலும் நல்ல ஒயின் வருகிறது. ஆனால் நீங்கள் கூடுதல் விலை கொடுக்க நினைப்பது அதற்கு அல்ல.

நீங்கள் தேடுவதற்கு மூன்று அடையாளங்கள் சேர்ந்து இருக்க வேண்டும். முதலாவது, சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய சுவர் தாங்கும் குறுகிய படிகள். அங்கே இவற்றுக்குச் சொக்கால்கோஸ் என்று பெயர். இரண்டாவது, கலப்பு நடவு. ஒரே பாத்தியில் இருபது, முப்பது ரகங்கள், சில இடங்களில் அதற்கும் மேல், கலந்து நிற்கும். டூரிகா பிராங்கா, டிண்டா ரோரிஸ், டிண்டா அமரேலா, டிண்டா பரோக்கா, சூசாவ், ருஃபேட் எல்லாம் அடுத்தடுத்து வரும். நடுவே சில வெள்ளை ரகங்களும் இருக்கும். மூன்றாவது, வயது. இத்தகைய பாத்திகள் பெரும்பாலும் 60 முதல் 100 ஆண்டு வரை ஆனவை.

கலப்பு நடவு ஏன் முக்கியம் என்றால், எல்லா ரகமும் ஒரே நாளில் பழுக்காது. ஆனால் அறுவடை ஒரே நாளில் நடக்கும். முற்றிப் பழுத்தது இனிப்பையும் வாயில் உணரும் கனத்தையும் தரும், சற்றுக் காயாக நிற்பது புளிப்பைத் தரும், சூசாவ் போன்றவை நிறத்தையும் கூடுதல் புளிப்பையும் சேர்க்கும். எல்லாம் ஒரே தொட்டியில் சேர்ந்தே நொதிக்கின்றன. தனித்தனியாகச் செய்து பிறகு கலக்கும் ஒயினில் இந்த இணக்கம் வராது.

வயதின் பங்கு வேறு. ஷிஸ்ட் என்ற தகடு தகடாகப் பிளக்கும் பாறைக்குள் வேர் பல மீட்டர் இறங்கியிருப்பதால், கடும் வறட்சியிலும் பழம் வாடாது. விளைச்சலோ மிகக் குறைவு. டோரு சிவப்பு ஒயினுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு ஹெக்டேருக்கு 55 ஹெக்டோலிட்டர் (ஒரு ஹெக்டோலிட்டர் 100 லிட்டர்). பழைய பாத்திகள் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை, பல கொடிகள் ஒரு கிலோ பழம்கூடத் தராது. டிராக்டர் நுழையாத இடம் என்பதால் எல்லாமே கைவேலை. விலையின் பெரும்பகுதி இங்கேதான் போகிறது.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுவது நல்லது: வயது மட்டும் நல்ல ஒயினைத் தராது. நூறு வயதுக் கொடியின் பழத்தை அளவுக்கு மீறிப் பழுக்கவிட்டு, புதிய ஓக் பீப்பாயில் ஊறப்போட்டால் கிடைப்பது மரவாசனையும் சாராய நெடியும்தான்.

2. எப்போது போவது?

செப்டம்பர் அறுவடைக் காலம். கிரானைட் தொட்டியில் இறங்கிக் காலால் பழம் மிதிப்பதைப் பார்க்கலாம், சில தோட்டங்களில் கட்டணம் கட்டி நீங்களும் இறங்கலாம். ஆனால் ஒயின் செய்கிறவருக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. அறைக் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். அறுவடையைத்தான் பார்க்க வேண்டும் என்றால் ஏப்ரல், மே மாதத்திலேயே முன்பதிவு செய்துவிடுங்கள்.

பழைய பாத்தியை அடையாளம் காணச் சிறந்த காலம் அக்டோபர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் முற்பகுதி வரை. இலை நிறம் மாறும்போது ஒரே ரகம் நட்ட பாத்தி முழுவதும் ஒரே நிறமாகத் தெரியும். கலப்பு நடவில் ஒரு கொடி கருஞ்சிவப்பு, அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது இன்னும் பச்சை. யாரையும் கேட்காமலே கண்டுபிடித்துவிடலாம். மே, ஜூன் மாதங்களும் வசதியானவை. ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். பள்ளத்தாக்கின் அடியில் 40 டிகிரி சாதாரணம், அந்த வெயிலில் படிகளில் ஏறவும் முடியாது, வாங்கிய பாட்டிலைக் காப்பாற்றவும் முடியாது.

3. ஆவணங்கள்

இந்தியா அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்குச் சட்டப்படி 15 நாள் என்றாலும், நேர்முகத்துக்குத் தேதி கிடைக்கவே வாரங்கள் ஆகும். அக்டோபர் பயணத்துக்கு ஜூலையில் தொடங்கிவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் கடவுச்சீட்டுக்கு 3 மாதம் ஆயுள் இருக்க வேண்டும்.

4. போர்ட்டோவிலிருந்து பின்யாவ் வரை

டோரு மூன்று துணைப்பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது: மேற்கே பைஷோ கோர்கோ, நடுவே சீமா கோர்கோ, ஸ்பெயின் எல்லையை ஒட்டி டோரு சுப்பீரியோர். முதல்முறை போகிறவர் சீமா கோர்கோவின் நடுவிலிருக்கும் பின்யாவ் என்ற சிற்றூரை மையமாக வைத்துக்கொள்வது நல்லது. சாவ் பெந்து அல்லது கம்பன்யா நிலையத்திலிருந்து டோரு பாதை ரயில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் பின்யாவ் சேர்க்கும். ஒருவழிக் கட்டணம் சுமார் 12 யூரோ. இருக்கை முன்பதிவு கிடையாது, சீக்கிரம் ஏறி வலப்பக்கச் சன்னலைப் பிடியுங்கள். முதல் ஒரு மணி நேரம் ஆறு தெரியாது, பிறகு அந்தப் பக்கம்தான் முழுக்க ஆறு.

நாளுக்குச் சில ரயில்களே ஓடுகின்றன. திரும்பும் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள். பாதைப் பணியால் சில மாதங்களில் ஒரு பகுதிக்குப் பேருந்து விடுவார்கள், கிளம்புவதற்கு முதல்நாள் ரயில்வே தளத்தைப் பாருங்கள். பின்யாவில் டாக்சிகள் மிகக் குறைவு, மலைமேல் உள்ள தோட்டத்துக்குப் போவதாக இருந்தால் வண்டியை அந்தத் தோட்டத்தார் மூலமே முன்கூட்டிச் சொல்லிவையுங்கள்.

கார் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. போர்ச்சுகலில் ஓட்டுநரின் ரத்த மது வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், உரிமம் பெற்று 3 ஆண்டு ஆகாதவருக்கு 0.2. மலைச்சாலை முழுக்க வளைவுகள். ஓட்டுகிறவர் சுவைத்தபின் துப்பத்தான் வேண்டும். துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

போர்ட்டோவிலிருந்து ஒரே நாளில் போய்வரும் படகுச் சுற்றுலாவை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். நாளின் பெரும்பகுதி ஆற்றிலேயே போய்விடும். பழைய பாத்திக்குள் கால் வைக்க வாய்ப்பே கிடைக்காது.

5. தோட்டங்களில் முன்பதிவு

கிண்டா என்று அழைக்கப்படும் தோட்டங்களுக்குச் சொல்லாமல் போனால் பெரும்பாலும் கதவு திறக்காது. 2, 3 வாரம் முன்பு மின்னஞ்சல் அனுப்புங்கள், சிறிய தோட்டங்கள் ஞாயிறு திறப்பதில்லை. பின்யாவ் நிலையத்திலிருந்து நடந்தே கிண்டா டு பொம்ஃபிம் போகலாம். கிண்டா த லா ரோசாவும் நடை தூரம்தான். பாலம் தாண்டினால் எதிர்க்கரையில் கிண்டா தாஸ் கர்வால்யாஸ், அதன் மலைச்சரிவில் பழைய பாத்திகள் உண்டு. மரியா தெரேசா, வின்யா த பொந்த்தே என்ற இரண்டு பெயர்பெற்ற பழம்பாத்திகளை வைத்திருக்கும் கிண்டா டு கிராஸ்டோவுக்குக் கார் வேண்டும்.

சுற்றிப் பார்த்து மூன்று, நான்கு ஒயின் சுவைக்கத் தோராயமாக 25 முதல் 50 யூரோ. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அடிப்படைக் கட்டணத்தில் ஊற்றுவது இளங்கொடி ஒயின்களும், போர்ட் என்ற சாராயம் சேர்த்த இனிப்பு ஒயினும்தான். "பழங்கொடிச் சிவப்பு ஒயினைச் சுவைக்க வேண்டும், அந்தப் பாத்தியையும் பார்க்க வேண்டும்" என்று மின்னஞ்சலிலேயே எழுதிக் கேளுங்கள். கட்டணம் 60, 100 என்று ஏறலாம். ஆனால் சுவைக்காமல் அதே விலைக்குப் பாட்டில் வாங்குவதைவிட இது மேல். ஒரு நாளில் இரண்டு தோட்டங்களே போதும், மூன்றாவதில் நாக்கு மரத்துப்போகும்.

6. பாத்தியில் நின்று கேட்க வேண்டியவை

"கொடிக்கு என்ன வயது?" என்று மொட்டையாகக் கேட்டால் ஓர் எண் கிடைக்கும், அவ்வளவுதான். அது நட்ட ஆண்டா, சராசரி வயதா என்று கேளுங்கள். பழைய பாத்தியில் ஆண்டுதோறும் சில கொடிகள் சாகும். எஸ்கா என்ற மரநோய் அடிமரத்தை உள்ளிருந்து அழுகவைக்கும். செத்த இடத்தில் புதுக்கன்று நடுவார்கள். அதில் தவறே இல்லை, நடாமல் விட்டால் பாத்தியே அழிந்துவிடும். ஆனால் எதை நடுகிறார்கள் என்பதில்தான் அக்கறை தெரிகிறது. அதே பாத்தியின் கொடிகளிலிருந்து ஒட்டுக்குச்சி எடுத்து நடுகிறவர் கலப்பைக் காப்பாற்றுகிறார். நாற்றுப்பண்ணையில் கிடைத்த ஏதோ ஒரு ரகத்தை நடுகிறவரிடம் இன்னும் முப்பது ஆண்டில் அந்தக் கலப்பு இருக்காது.

அடுத்த கேள்வி, இந்தப் பாத்தியின் பழம் தனியாக நொதிக்கிறதா, வேறு பாத்திகளோடு சேர்கிறதா என்பது. கண்ணாலும் பாருங்கள். பழைய பாத்தியில் கொடிகள் நெருக்கமாக நிற்கும், ஹெக்டேருக்கு 6,000க்கு மேல். டிராக்டர் போகும் மண்கரைப் படிகளில் அதைவிட மிகக் குறைவாகத்தான் இருக்கும். அடிமரம் முறுக்கிக்கொண்டு கை கனத்துக்கு மேல் இருக்கும், கம்பியைத் தாங்க ஷிஸ்ட் கல் தூண்கள் நிற்கும். செப்டம்பரில் போனால் ஒரே வரிசையில் கறுப்பு, இளஞ்சிவப்பு, வெளிர்பச்சைக் குலைகள் தொங்கும். அறுவடைத் தேதி எப்படி முடிவாகிறது என்றும் கேளுங்கள். எந்தெந்த ரகத்தை வைத்து முடிவெடுக்கிறோம் என்று விளக்கக்கூடியவர் தன் பாத்தியை அறிந்தவர்.

7. லேபிளை வாசிப்பது

முதலில் ஐ.வி.டி.பி. என்ற டோரு, போர்ட் ஒயின் நிறுவனத்தின் எண்ணிட்ட முத்திரை பாட்டிலில் இருக்கிறதா என்று பாருங்கள். 'டோரு டி.ஓ.சி.' அல்லது 'டி.ஓ.பி.' என்று இருக்க வேண்டும், இரண்டும் சட்டம் பாதுகாக்கும் பிறப்பிடப் பெயரைக் குறிப்பவை. 'ரெஜியோனால் துரியென்சே' என்றால் அதே நிலப்பரப்பு, தளர்ந்த விதிகள். கெட்டது என்று அர்த்தமில்லை. விதிக்கு அடங்காத சோதனை முயற்சிகளும் அதில் வரும்.

பிறகு பின்லேபிள். 'வின்யா' என்ற சொல்லும் பின்னால் ஒரு பெயரும் இருந்தால் அது ஒரு குறிப்பிட்ட பாத்தி, நம்பிக்கைக்கு இதுவே பெரிய ஆதாரம். நட்ட காலம், பாத்தியின் பரப்பு, ரகங்களின் கலப்பு, பாட்டில் எண்ணிக்கை ஆகியவை எழுதியிருந்தால் இன்னும் நல்லது. வெறும் 'வின்யாஸ் வேல்யாஸ்' மட்டும் போட்டு வேறு விவரமே தராத பாட்டிலுக்கு 20 யூரோவுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

'வின்யாஸ் வேல்யாஸ்' என்று ஒரு பக்கமும் 'டூரிகா நசியோனால் 100%' என்று மறுபக்கமும் இருந்தால் யோசியுங்கள். டூரிகா நசியோனால் இன்று பேர்போன ரகம்தான். ஆனால் பழைய கலப்புப் பாத்திகளில் அது சிறுபான்மை. அந்த ஒயின் பெரும்பாலும் 1980களின் மண்கரைப் படியிலிருந்து வந்திருக்கும்.

'ரெசெர்வா', 'கிராந்தே ரெசெர்வா' என்பவை ஐ.வி.டி.பி.யின் சுவைக்குழு தரும் தகுதிகள். கொடியின் வயதுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. சாராய அளவு 13.5 முதல் 14.5 சதவீதம் இயல்பு. 15ஐத் தொட்டால் சுவைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

8. எவ்வளவு கொடுக்கலாம்? எந்த ஆண்டு?

தோராயமாக 30 முதல் 45 யூரோவில் உண்மையான பழங்கொடி ஒயின் கிடைக்கும். பல பழம்பாத்திகளின் பழத்தைச் சேர்த்துச் செய்தவை இவை. முதல்முறை வாங்குகிறவருக்கு இந்த வரம்புதான் என் பரிந்துரை. ஒற்றைப் பாத்தி ஒயின் 60, 70இல் தொடங்கி 150ஐத் தாண்டும். 15 யூரோவுக்கு உண்மையானது கிடைக்குமா என்றால், பெயர் பரவாத சிறு உற்பத்தியாளரிடம் நேரில் போனால் எப்போதாவது கிடைக்கும். பல்பொருள் அங்காடியில் கிடைக்காது.

ஆண்டைப் பொறுத்தவரை 2011, 2015, 2016 மூன்றும் வலுவானவை. 2017 வெயில் ஆண்டு, அறுவடை வழக்கத்தைவிட மிக முன்னதாக நடந்தது, ஒயின்கள் செறிவானவை. 2013, 2014இல் அறுவடை நேரத்தில் மழை குறுக்கிட்டது. மழைக்கு முன் பறித்தாரா, பின் பறித்தாரா என்பதைப் பொறுத்துத் தரம் மாறும். வெயில் ஆண்டுகளில்தான் பழைய கொடிக்கும் இளங்கொடிக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

9. பொதி, சுங்கம், வரி

கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் போகாது, எனவே பெட்டியில்தான். ஒரு பாட்டில் 1.2 முதல் 1.6 கிலோ வரை கனக்கும். காற்றடைத்த பாட்டில் உறைகள் போர்ட்டோக் கடைகளில் கிடைக்கும். இல்லாவிட்டால் துணியில் நான்கு சுற்றுச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி, பெட்டியின் நடுவில் வையுங்கள், ஓரத்தில் வேண்டாம். இரண்டு பாட்டில் ஒன்றையொன்று தொடக்கூடாது. ரயிலுக்குக் காத்திருக்கும்போதும் காரில் வைத்திருக்கும்போதும் வெயில் படாமல் பாருங்கள். மூடிய காரில் ஒரு மதியம் போதும், கார்க் மேலே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

சுங்கம் இல்லாத அளவு நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவுக்கு 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் மூன்று சேர்ந்தால் 2.25 லிட்டர் ஆகிறது, எனவே உங்களுக்கு இரண்டுதான். வேண்டுமானால் கூடவே ஒரு 375 மில்லி அரைப்பாட்டில் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதைக் கொண்டுவந்தால் விமான நிலையச் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லித் தீர்வை கட்டுங்கள். கனடா 1.5 லிட்டர், சுவிட்சர்லாந்து 5 லிட்டர், பிரிட்டன் 18 லிட்டர். பிரான்ஸ், ஜெர்மனி போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாழ்வோர் சொந்தத் தேவைக்கு 90 லிட்டர் வரை தடையின்றிக் கொண்டுபோகலாம். கிளம்புமுன் உங்கள் நாட்டுச் சுங்கத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாழ்வோர் ஒரே பில்லில், வரி நீங்கலாக, 50 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியைத் திரும்பப் பெறலாம். பணம் கட்டும்போதே கடவுச்சீட்டைக் காட்டி வரிவிலக்குப் பில் கேட்க வேண்டும், பிறகு கேட்டால் தரமாட்டார்கள். சிறு தோட்டங்கள் பல இந்தத் திட்டத்திலேயே இல்லை. விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன் மின்னணு இயந்திரத்தில் பதிவு செய்ய வேண்டும், அதிகாரி பாட்டிலைக் காட்டச் சொல்லலாம். தீவுகள் நீங்கலான போர்ச்சுகலில் சாதாரண ஒயினுக்கு வரி 13 சதவீதம். 120 யூரோ பில்லில் வரி சுமார் 14 யூரோ, இடைத்தரகு நிறுவனத்தின் கழிவு போகக் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. இரண்டு பாட்டிலுக்காக இந்த வரிசையில் நின்று விமானத்தைத் தவறவிட வேண்டாம்.

10. வீட்டில் வைப்பதும் திறப்பதும்

பயணம் முடிந்ததும் இரண்டு வாரம் பாட்டிலை அசைக்காமல் ஓய்வில் வையுங்கள். 12 முதல் 15 டிகிரி, இருட்டு, படுக்கை நிலை: இந்த மூன்றும் உங்களால் முடியும் என்றால் நல்ல ஆண்டின் ஒயின் 15, 20 ஆண்டு வளரும். சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் போன்ற ஊர்களில் ஒயின் குளிர்பெட்டி இல்லாமல் பல ஆண்டு சேமிக்க நினைக்காதீர்கள். சாதாரணக் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் சில மாதம் தாங்கும், அதற்குள் குடித்துவிடுங்கள். கதவில் வைத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் குலுங்கும்.

பரிமாறும் சூடு 16 முதல் 18 டிகிரி. 'அறை வெப்பத்தில் பரிமாறவும்' என்ற அறிவுரை நம் 32 டிகிரி அறைக்குப் பொருந்தாது, அந்தச் சூட்டில் சாராய நெடி மட்டுமே மேலே வரும். வெளியே இருந்த பாட்டிலை ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். குளிர்பெட்டியிலேயே இருந்தது என்றால் ஊற்றுவதற்கு அரைமணி முன் வெளியே எடுங்கள்.

10 ஆண்டுக்குக் குறைந்த ஒயினை அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒன்று முதல் இரண்டு மணி நேரம் காற்றாட விடுங்கள். திறந்த உடன் துவர்ப்பும் மரவாசனையும் முன்னால் நிற்கும். பழமும், டோருவுக்கே உரிய காட்டுப்புதர் வாசனையும் மெல்லத்தான் வெளிவரும். இது தெரியாமல் முதல் வாயிலேயே சரியில்லை என்று ஒதுக்குகிறவர்கள் அதிகம். 15 ஆண்டு தாண்டியது என்றால் நேரெதிர்: ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்து மண்டி அடியில் தங்க விடுங்கள், பரிமாறும் நேரத்தில் மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள், மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். பழைய கார்க் திருகாணியில் பொடிந்துபோகும், இரண்டு தகடு செருகி இழுக்கும் திறப்பான் இருந்தால் நல்லது.

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க் கெட்டிருக்கிறது, எவ்வளவு நேரம் காற்றாட விட்டாலும் மாறாது. வாங்கிய இடத்துக்குப் படத்தோடு எழுதுங்கள், நல்ல உற்பத்தியாளர்கள் பதில் சொல்வார்கள்.

உணவுக்கு, டோரு பக்கம் இதனோடு உண்பது அடுப்பில் சுட்ட ஆட்டுக்குட்டி இறைச்சி. நம் சமையலில் மட்டன் நன்றாகச் சேரும், மிளகாயை மட்டும் குறைக்க வேண்டும். மிளகாய்க் காரம் துவர்ப்பையும் சாராயத்தையும் நாக்கில் எரிய வைக்கும். மிளகும் சீரகமும் போட்ட வறுவலில் அந்தப் பிரச்சினை கிடையாது. மீதம் இருந்தால் கார்க்கால் மூடிக் குளிர்பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். இளம் ஒயின் 2, 3 நாள் தாங்கும், சில சமயம் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். 15 ஆண்டுப் பழையதை அன்றே முடித்துவிடுங்கள்.